சித்தியும் அக்கரைக்காரியும்

என் சித்தி வேலை பார்த்த இடத்தில் வருடம் முழுக்க ஒரே பருவம்தான். வெளியே மழை அடித்தாலும் குளிர் நடுக்கினாலும், அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெதுவெதுப்பாக நீராவி மிதந்துகொண்டிருக்கும். நீலத் தண்ணீரின் மேல் வெளிச்சம் நெளியும். அந்த நெளிவு சுவரில் ஏறி, கூரையில் ஊர்ந்து, அங்கே நிற்பவர்களின் முகத்திலும் ஆடும். யாராவது பேசினால் சொற்கள் சுவரில் மோதி ஈரமாகித் திரும்பி வரும். "இங்க யாரு திட்டினாலும் கேக்க நல்லாத்தான் இருக்கும்" என்று சித்தி ஒருமுறை போனில் சொன்னாள்.

அது ஒரு பொது நீச்சல்குளம். வருகிறவர்களுக்கு அலமாரிச் சாவி கொடுப்பது, உடை மாற்றும் அறைகளைத் துடைப்பது, துண்டுகளைத் துவைத்து உலர்த்தி மடிப்பது, இவைதான் சித்தியின் வேலை. சித்தப்பா அதே நகரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கினார். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவர் ஜில்லென்று வருவார், இவள் வேர்த்து வருவாள். "எங்க ரெண்டு பேரையும் கலந்தா ஒரு ஆள் வசதியா குளிக்கலாம்" என்பாள்.

கல்யாணம் முடிந்த கையோடு எங்கள் ஊரை விட்டுப் போனவள் அவள். போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த ஊர் மொழி அவள் நாக்கில் ஏறவில்லை. ஏற வேண்டிய தேவையும் வரவில்லை. சாவி கொடுக்க விரல் போதும். கடையில் பொருளைத் தொட்டுக் காட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க்காரர்களின் சங்கக் கூடத்துக்குப் போனால் வாய் வலிக்கப் பேசலாம். வீட்டில் எங்கள் ஊர் டிவி நாள் முழுக்க ஓடும். ஒருநாள் செய்தியில் இங்கே கனமழை என்று சொன்னதைக் கேட்டபடியே கிளம்பி, அங்கே பளீரென்று அடித்த வெயிலில் குடையும் கையுமாக வேலைக்குப் போய் நின்றாளாம். உடம்பு அங்கே இருந்தது. வானம் மட்டும் எங்களுடையது.

இன்னொன்றும் இங்கிருந்து கொண்டுபோயிருந்தாள். எங்கள் நாட்டில் முன்பின் பழகாதவர் "எப்படி இருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால், அவருக்கு ஏதோ ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே, குளத்தோரம் உயரமான நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்து காவல் காக்கும் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். சித்தி அவளுக்கு வைத்த பெயர் விசில்காரி. அவள் தினமும் காலையில் சித்தியைப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாள். சித்தி உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். "வருஷக் கணக்கா கேக்குறா. என்ன வேணும்னு மட்டும் சொல்ல மாட்டேங்குறா" என்று அம்மாவிடம் புலம்புவாள்.

எங்கள் ஆற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்கள் இந்தக் கரை. அந்தக் கரையிலும் எங்கள் பேச்சுதான். சொல்லின் வாலைக் கொஞ்சம் இழுத்து முடிப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே இரண்டு கரைக்கும் ஆகாமல் போய்விட்டது. பாலத்தின் நடுவே முள்கம்பி. இரண்டு முனையிலும் துப்பாக்கியோடு ஆட்கள். அக்கரைக்காரர்களிடம் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை, பேசுவதும் இல்லை. உலக வரைபடத்தில் மட்டும் இரண்டு கரைக்கும் இன்னும் ஒரே நிறம்.

அந்த வரைபடத்தை நம்பித்தான் நீச்சல்குளத்தின் மேலாளர் ஒருநாள் காலையில் ஒரு புதுப்பெண்ணை அழைத்து வந்து சித்தி முன்னால் நிறுத்தினார். உங்கள் நாட்டுக்காரர், உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று கையசைத்துக் காட்டிவிட்டுப் போனார். சித்திக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்தப் பெண் சாவிகளை எண்ணத் தொடங்கும் வரை. அவள் வாய்க்குள் எண்ணினாள்: "ஒண்ணூ... ரெண்டூ... மூணூ..."

வால் நீண்டது. சித்திக்குப் புரிந்துவிட்டது. சித்தியின் முகம் மாறியதைப் பார்த்து அவளுக்கும் புரிந்துவிட்டது. சாவி எண்ணுவது பாதியில் நின்றது.

இருவரும் ஒரே நேரத்து வேலை. ஒரே வாளி, ஒரே துடைப்பான், ஒரே துண்டு மலை. பேசாமல் முடியாது. தாய்மொழியில் பேசினால் உறவாகிவிடும். ஆகவே, சொல்லி வைத்தாற்போல, இருவரும் அந்த ஊர் மொழியில் பேசத் தொடங்கினார்கள். இருவருக்கும் அது தெரியாது என்பது வேறு விஷயம்.

"நான், வாளி" என்பாள் சித்தி.

"நீ, தரை. ஈரம். விழும், மனிதன்" என்பாள் அக்கரைக்காரி.

"மனிதன் விழ வேண்டாம்."

அந்த மொழியில் இன்னொரு வசதியும் இருந்தது. எதிரே நிற்பவரைக் குறிக்க ஒரே ஒரு சொல்தான். நீயா நீங்களா என்று யோசிக்க வேண்டாம். அக்கா என்று அழைப்பதா வேண்டாமா என்று திண்டாட வேண்டாம். அக்கரைக்காரி நாலைந்து வயது இளையவளாகத் தெரிந்தாள். எங்கள் பேச்சில் பேசியிருந்தால் முதல் வாக்கியத்திலேயே அவள் அக்கா என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவே ஒரு அடி. அந்நிய மொழி அந்தச் சங்கடத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியது.

ஆனால் சண்டை போடுவதற்கு வாளியும் தரையும் போதவில்லை. சித்தி வீட்டுக்குப் போனதும் எங்கள் ஊர் டிவியை அணைத்துவிட்டு, அந்த ஊர் நாடகங்களை வாய் பிளந்து பார்க்க ஆரம்பித்தாள். அதில் வரும் மாமியார் என்ன சொல்லித் திட்டுகிறாள் என்று காது கொடுத்துக் கேட்டாள். சாப்பிடும்போது முணுமுணுத்தாள். அந்த மொழியில் அவள் கட்டிய முதல் முழு வாக்கியம், "நேற்று நீ மடித்த துண்டுகளில் ஒன்றுகூட மூலை சேரவில்லை" என்பது. அக்கரைக்காரி அசந்து நின்றாள். மறுநாள் காலையில் பதிலோடு வந்தாள். "மூலை சேராதது துண்டின் குற்றம். என் குற்றம் அல்ல."

விசில்காரி நாற்காலியிலிருந்து கைதட்டினாள்.

இப்படியே ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதற்காக இருவரும் சொல் சேர்த்தார்கள். பொறுப்பின்மை, அலட்சியம், பிடிவாதம் எல்லாம் அந்த மொழியில் வாய்க்கு வந்தன. சேர்த்த சொற்கள் சும்மா இருக்குமா? அவை மற்றவர்களிடமும் ஓடின. காலையில் நீந்த வரும் கிழவி ஒருத்தி தன் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தவித்தபோது, சித்தியே முன்னால் போய், எங்கே கழற்றினீர்கள் என்று கேட்டுத் தேடிக் கொடுத்தாள். ஒருநாள் விசில்காரி வழக்கம்போல, எப்படி இருக்கிறீர்கள் என்றாள். சித்தி யோசித்துவிட்டு, "முதுகு வலிக்கிறது" என்றாள். மறுநாள் விசில்காரி ஒரு தைலக் குப்பியோடு வந்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் வேணாமாம்டி. சும்மாத்தான் கேட்டிருக்கா, இத்தன வருஷமும்" என்று அன்று சித்தி என்னிடம் சொன்னாள்.

நீச்சல்குளத்துக்குப் பின்னால் துண்டு உலர்த்தும் அறை. பெரிய இயந்திரங்கள் வட்டக் கண்ணாடி வழியே வெள்ளைத் துண்டுகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சுவர் முழுக்கச் சூடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தி அங்கே மடித்த துண்டுகளின் மேல் சாய்ந்து ஒரு கோழித்தூக்கம் போடுவாள். ஒருநாள் அப்படித் தூங்கியபோது எங்கள் வீட்டுச் சமையலறையில் நிற்பதுபோல் கனவு.

"அடுப்ப அணைச்சாச்சா?" என்று கேட்டாள்.

"அணைச்சாச்சு. தூங்குங்க" என்றது ஒரு குரல்.

"கதவு?"

"சாத்தியாச்சு."

"மழ சத்தம் கேக்குதே. துணியெல்லாம் வெளிய கெடக்கு."

"மழ இல்ல. தண்ணி சத்தம். துணியெல்லாம் உள்ளதான் இருக்கு."

"அக்கா வந்துட்டாளா?"

ஒரு துண்டை உதறும் சத்தம். பிறகு, "வந்துடுவாங்கூ" என்றது குரல். வால் நீண்டது.

கண் விழித்தபோது அறையில் அக்கரைக்காரி மட்டும் இருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். பேசினாளா, கனவில் கேட்டதா? சித்திக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. எந்த மொழியில் கேட்பது?

மறுநாள் ஒரு யுக்தி செய்தாள். அதே இடத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து விட்டு, "அடுப்ப அணைச்சாச்சா?" என்று முனகினாள்.

இயந்திரங்கள் சுழன்றன. துண்டு மடிக்கும் சத்தம் நின்றது.

"நேத்து நெசமாவே தூங்குனீங்க" என்றாள் அக்கரைக்காரி. "இன்னைக்கு நடிக்கிறீங்க."

சித்தி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். அடக்க அடக்க வயிறு குலுங்கியது. அக்கரைக்காரியும் சிரித்தாளாம். நீங்க என்று சொல்லியிருந்தாள். அக்கா என்று சொல்லவில்லை. அது போதும் என்று சித்திக்குத் தோன்றியது.

அதன்பின் உலர்த்தும் அறைக்குள் தாய்மொழி, வெளியே அந்த ஊர் மொழி என்று ஒரு வழக்கம் ஆகிவிட்டது. ஆனால் கண்ணாடிச் சுவர் உள்ள கட்டிடத்தில் எது மறையும்? சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் தன் மகளை நீச்சலுக்கு அழைத்து வந்தபோது, இருவரும் சிரித்துக்கொண்டு துண்டு வண்டியைத் தள்ளிப் போவதைப் பார்த்துவிட்டார்.

சங்கம் என்றால் வெறும் பொழுதுபோக்கு இல்லை. எங்கள் கரை அரசாங்கத்திலிருந்து அவ்வப்போது ஓர் அதிகாரி போய், நீங்கள் எங்கே இருந்தாலும் எங்கள் பிள்ளைகள், அங்கேயும் அக்கரைக்காரர்களோடு ஒட்டோ உறவோ வேண்டாம் என்று பேசிவிட்டு வருவார். அந்தக் கூட்டங்களில் நாற்காலி போட்டு மைக் சரிபார்ப்பவர் சித்தப்பா. மைக்கைத் தட்டி "கேக்குதா" என்று அவர் கேட்பதோடுதான் எந்தக் கூட்டமும் தொடங்கும். வாரம் முழுக்கப் பெட்டி தூக்கும் மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய மரியாதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் வாடி வந்தார்.

"உன்னப் பத்திக் கேக்குறாங்க" என்றார்.

"என்னான்னு?"

"அந்தப் பொண்ணு கூட..."

"வேலையில ஒண்ணா இருக்கோம். பேசாம எப்படி இருக்கறது?"

"பேசு. வேணாம்னு சொல்லல. சிரிக்காமப் பேசக் கூடாதா?"

சித்தி தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். "நான் சிரிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு உங்க சங்கத்துல யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள். சித்தப்பா சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் சங்கத்துக்குப் போனார். அதற்கு அடுத்த வாரம், மைக்கை இனி வேறு ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வருஷம்தான் பாலத்தில் சண்டை மூண்டது. யார் முதலில் சுட்டார்கள் என்று இன்றுவரை இரண்டு கரையும் இரண்டு கதை சொல்கின்றன. அங்கே, நீச்சல்குளத்தின் வரவேற்பறை டிவியில் எங்கள் ஆறு தெரிந்தது. ஈரத் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் நின்று பார்த்தார்கள். பாலத்தின் மேல் புகை. சித்தியும் அக்கரைக்காரியும் வண்டியின் இரண்டு பக்கமும் கையை வைத்தபடி நின்றார்கள்.

விசில்காரி வேகமாக வந்து இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். உங்கள் நாட்டுக்காக வருத்தப்படுகிறேன் என்றாள். அந்த நீண்ட கைகளுக்குள் இருவரின் மூக்கும் இடிக்காத குறையாக நின்றன. அக்கரைக்காரியின் மூச்சு என் மேல் பட்டது, நடுங்கிக்கொண்டிருந்தது என்று சித்தி சொன்னாள். எந்த நாடு என்று விசில்காரியிடம் விளக்கிச் சொல்ல இருவருக்கும் அப்போது மொழி இருந்தது. இருவருமே சொல்லவில்லை.

இரண்டு கரையிலும் தொலைபேசி அறுந்தது. எங்கள் பக்கம்தான் முதலில் இணைப்பு திரும்ப வந்தது. சித்தி அழைத்தபோது நான் மருந்துக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். இங்கே பொழுது சாயும் நேரம், அங்கே நடுப்பகல். எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்றதும் அவள் அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மொட்ட மாடிக்குப் போறியா? ஆத்துக்கு அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி இருக்குமே, அது தெரியுதா பாரு."

எங்கள் ஊரில் ஆறு இடுப்பு மாதிரி ஒடுங்கிப் போகும். மாடி ஏறினால் அக்கரை கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் அந்த நாட்களில் யாரும் மாடி ஏறுவதில்லை. நான் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குனிந்து நின்றேன். ஆறு பொன்னிறமாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது, ஒன்றும் நடக்காத மாதிரி.

"தெரியுது சித்தி."

போன் கைமாறியது. பின்னால் தண்ணீர் அலம்பும் சத்தம். "நான்... உங்க சித்தி கூட வேல பாக்குறேங்க" என்றது ஒரு குரல், வாலை இழுத்து.

அக்கரைக்காரர் ஒருவரோடு நான் அதுவரை பேசியதே இல்லை. எப்படி அழைப்பது என்று தெரியாமல், "சொல்லுங்க" என்று மொட்டையாகச் சொன்னேன்.

"தொட்டிக்குக் கீழ மாடி வீடு ஒண்ணு. படிக்கட்டு வெளிப்பக்கம் இருக்கும். மாடியில கொடி தெரியுதா?"

நான் இன்னும் குனிந்துகொண்டேன். "என்ன கொடிங்க? பட்டாளத்துக் கொடியா?"

"அய்ய, துணி காயப் போடுற கொடிங்க."

"ஆ, இருக்கு. துணி காயுது."

"என்ன துணி?"

"பச்சையில ஒரு போர்வ. ரெண்டு சட்ட. ஒரு சின்னப் பிள்ள கவுன்."

"கவுனா? எங்க வீட்டுல சின்னப் பிள்ளையே இல்லீங்களே" என்றாள். "வேற யாராச்சும் வந்து குடியேறிட்டாங்களா?"

அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கி வந்தது. அந்த மாடியில் ஓர் உருவம் ஏறியது.

"யாரோ வராங்க. வயசான அம்மா. துணி எடுக்குறாங்க... இடது கையால எடுக்குறாங்க."

"இடது கையா?"

"ஆமாங்க. வலது கைய மார்போட மடக்கி வெச்சிருக்காங்க."

"அது எப்பவும் அப்படித்தாங்க. எங்கம்மாங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "போர்வைய மடிச்சாங்களா, சுருட்டுனாங்களா?" என்றாள்.

"சுருட்டுனாங்க."

"எங்கம்மாதான்."

படி இறங்கியதும் அம்மா கேட்டாள், "அங்க யார்கிட்டடி பேசிட்டிருந்த?" சித்தியோடு என்றேன். அது முழுப் பொய் இல்லை.

அக்கரைக்குத் தொலைபேசி வரப் பல நாட்கள் ஆயின. அதுவரை பொழுது சாயும் நேரத்தில் நான் மாடியேறி, கொடியில் என்ன காய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்துபோனது. முதலில் கத்தினாள். பிறகு ஒருநாள் எனக்கு முன்னாலேயே மாடியில் நின்றுகொண்டு, "இன்னைக்குப் போர்வ இல்ல. வேற மாத்திட்டாங்க போல. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடு" என்றாள். அங்கே சித்தப்பாவும் ஒருமுறை போனை வாங்கி, என்னிடம் "கேக்குதா?" என்றார், பிறகு கொடியைப் பற்றித்தான் விசாரித்தார். அந்தக் கவுன், ஆற்றோரத்து வீடுகளைக் காலி செய்தபோது அடைக்கலம் வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளையுடையது என்று பின்னால் தெரிந்தது.

பாலம் திறக்கவில்லை. சங்கத்தில் சித்தி வீட்டுக்கு அழைப்பும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா கையைக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரம் நிற்பார். ஊர்க்காரர்களின் பேச்சும் சிரிப்பும் இல்லாத அந்த நாள் அவருக்கு நீளமாகப் போனது. அதைச் சித்தியிடம் அவர் ஒருபோதும் குற்றமாகச் சொன்னதில்லை. கடைசியில் ஒருநாள் நீச்சல்குளத்துக்கே வந்துவிட்டார். ஆழமில்லாத பக்கம் இறங்கி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றார். கிடங்கின் குளிர் எலும்பை விட்டு இறங்குகிறது என்றார். கம்பியை விடச் சொல்லி விசில்காரி இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கிறாளாம்.

சித்தியும் அக்கரைக்காரியும் மட்டும் எல்லாவற்றிலும் ஒத்துப்போய்விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். யார் முதலில் சுட்டது என்ற பேச்சு வந்தால் இரண்டு பேருக்கும் முகம் சிவந்துவிடும். அப்போது தாய்மொழியை விட்டுவிட்டு அந்த ஊர் மொழிக்குத் தாவிவிடுவார்கள். அதில் திட்டினால் அவ்வளவாக வலிப்பதில்லை என்பாள் சித்தி.

போன மாதம் நான் அழைத்தபோது குளத்தை வடித்துவிட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லாத குளத்தின் அடியில் நின்றபடி பேசினாள். நீல ஓடுகள் நாலு பக்கமும் உயர்ந்திருக்க, கண்ணாடிக் கூரை எங்கோ மேலே தெரிய, வானத்துக்கு அடியில் நடப்பதுபோல் இருக்கிறதாம். அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் சுற்றிச் சுற்றி வந்து எனக்கு இரண்டு முறை கேட்டது. தூரத்தில் தேய்க்கும் சத்தம். அக்கரைக்காரி ஏதோ கேட்டாள், சித்தி ஏதோ அதட்டினாள், அவள் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சித்தி, சண்டையா?"

"இவ தேச்ச பக்கம் பாரு, அழுக்கு அப்படியே இருக்கு. சொன்னா, ஓட்டோட நெறமே அதுதான்னு சாதிக்கிறா."

"அக்கா, மேல ஏறுங்க. கொழாயத் தெறக்கப் போறாங்களாம்" என்று அந்தக் குரல் கூப்பிட்டது.

"இருடி, வந்துட்டேன்" என்றாள் சித்தி. பிறகு என்னிடம், "தண்ணி விடுறாங்க. காலு நனையுது. அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள்.